மார்கழிப் பனியும் மொன்ரானா வெண்பனியும்: ஜோர்ஜ் வின்ஸ்ரனின் ‘டிசெம்பர்’

நத்தார் நெருங்கும்போது, வீட்டில் ஆறுதலாக இருந்து கேட்பதற்கு ஏதாவது இசை சொல்லும்படி யாராவது என்னிடம் கேட்பது ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். பங்குகளில் ஒளிவிழாப் பயிற்சி தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தில் பாட்டுக்குக் குறைவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஜெனரேற்றரையும் ஒலிபெருக்கியையும் ஏற்றிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகக் கரோல் பாடிவரும் இளைஞர்களுக்காக நானும் படலையடியில் காத்து நிற்பவள்தான். என்னிடம் கேட்பவர்களோ அந்தச் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, பயற்றம் பணியாரம் சுட்ட தாச்சியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அமரும் நேரத்துக்கு ஒன்று தேடுகிறார்கள். அவர்களுக்கு நான் நெடுங்காலமாகச் சொல்லிவருவது, அமெரிக்கப் பியானோ கலைஞர் ஜோர்ஜ் வின்ஸ்ரன் தனியாக வாசித்த ‘டிசெம்பர்’ என்னும் இசைத்தொகுப்பை. வெறுமனே பெயரைச் சொல்லி அனுப்பியதால், பலர் அதை நித்திரைக்கு உதவும் பின்னணிச் சத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதை இந்த முறைதான் அறிந்தேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தொகுப்பு 1982 இல் விண்டம் ஹில் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பத்து உருப்படிகள், ஏறத்தாழ 40 நிமிடங்கள், ஒரு பியானோ. குரல் இல்லை, துணை வாத்தியம் இல்லை. அமெரிக்காவில் 30 இலட்சம் பிரதிகளுக்குரிய விற்பனைச் சான்றை அது பெற்றது. தனிப் பியானோ இசைக்கு இது அரிதான அளவு. கடைகளில் இதை நத்தார் இசை என்றே வகைப்படுத்துவார்கள் என்றாலும், தேவாலயத்தில் நாம் பாடும் வகையிலான நத்தார்ப் பாடல்கள் இதில் நான்கைந்துதான் இருக்கின்றன. ஏனையவை பழைய ஜேர்மன் இசையமைப்பாளர்களான பாக், பக்கல்பெல் ஆகியோரின் இசையைத் தழுவியவையும், வின்ஸ்ரன் மாரிகாலத்தை எண்ணித் தாமே அமைத்தவையும் ஆகும்.

நான் இதை முதன்முதலில் கேட்டது 1992 நத்தாரின்போது. போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் மின்சாரமும் இல்லை. பற்றறி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலம் அது. கனடாவிலிருந்த சித்தப்பா அனுப்பிய கசற் ஒன்று பல கைமாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வரும் மின்சாரம் ஒரு டயோட்டின் வழியாகக் கசற் றேடியோவுக்குப் போகும். கை தளர்ந்தால் நாடா மெதுவாகி, சுருதி இறங்கிவிடும். சினிமாப் பாட்டில் அந்தத் தளம்பலை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. இந்தக் கசற்றில், ஒற்றைச் சுரம் ஒன்று நீண்டு ஒலித்துக்கொண்டிருக்கையில், அண்ணாவின் தோள் களைத்துப்போனது அப்படியே காதில் விழுந்தது. “இந்த மனுசன் ஒரு கட்டையை அமத்திப்போட்டு எங்கை போறார்? நான் இஞ்சை சுத்திக்கொண்டெல்லோ இருக்கிறன்” என்று அவர் ஒருநாள் கேட்டார். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் நாங்கள் சிரித்தோம். பியானோ கற்று, கற்பித்து, இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும், வின்ஸ்ரனின் இசையைப் பற்றிய மிகச் சரியான கேள்வியை அண்ணாதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் கேட்டதன் பொருளை விளங்கிக்கொள்ளப் பியானோவின் இயல்பைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். நாதஸ்வர வித்துவான் மூச்சுள்ளவரை ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தலாம், வளைக்கலாம், அசைக்கலாம். எங்கள் பழைய கோவில்களிலிருந்த ஆர்மோனியத்திலும் துருத்தியை அழுத்தும்வரை ஒலி நிற்கும். பியானோவில் அது முடியாது. கட்டையை அழுத்தியதும் கம்பளி சுற்றிய சிறு சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டிவிட்டு உடனே பின்வாங்கிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து ஒலி மங்கத் தொடங்குகிறது. வாசிப்பவர் அதற்குமேல் அந்தச் சுரத்துக்குச் செய்யக்கூடியது, விரலையோ மிதியையோ விட்டு அதை முடித்துவைப்பது மட்டுமே. இந்தக் குறையை மறைப்பதற்காகத்தான் பெரும்பாலான பியானோ இசையில் சுரங்கள் அடுத்தடுத்துப் பொழிகின்றன. வின்ஸ்ரன் அதை மறைக்கவில்லை. ஒரு சுரத்தைத் தட்டுகிறார். அது மங்குவதைத் தானும் கேட்கிறார். அது எந்த அளவுக்கு மங்கியதோ அந்த அளவுக்கு ஏற்ற மென்மையுடன் அடுத்ததைத் தட்டுகிறார். இந்தத் தொகுப்பு தரும் அமைதி முழுவதும் இந்தக் காத்திருப்பிலிருந்து வருவது என்பதே என் முடிவு. மெதுவாக வாசித்தால் போதும், அமைதி வந்துவிடும் என்று நம்பி வெளியிடப்படும் எத்தனையோ ‘ஆறுதல் இசை’ப் பதிவுகள் சில நிமிடங்களிலேயே சலித்துப்போவதற்கும் காரணம் இதுதான், அவற்றில் வேகம் குறைந்திருக்கிறது, கேட்கும் காது இல்லை.

சென்ற மார்கழியில் என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி, இத்தொகுப்பில் நன்றி நவிலும் நாளின் பெயரைக் கொண்ட முதலாவது உருப்படியைக் காதால் கேட்டே படித்துக்கொண்டு வந்தாள். தேர்வுக்கான உருப்படிகளை வேகமாகவும் பிழையில்லாமலும் வாசிக்கும் கெட்டிக்காரி.

“ரீச்சர், இதிலை பெரிசா ஒண்டும் இல்லையே. இடது கை ஒரே மாதிரித்தானே திரும்பத் திரும்ப வருது?” என்றாள்.

“அப்ப அந்த ஒரே மாதிரியை ஒருக்கா வாசிச்சுக் காட்டும் பாப்பம், பிள்ளை.”

வாசித்தாள். சுரங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கேட்டதற்கும் வாசித்ததற்கும் இடையில் ஏதோ தொலைந்துபோனது அவளுக்கே தெரிந்துவிட்டது. வலது கையின் மெட்டு முடிந்தவுடன் அடுத்த வரியைத் தொடங்கிவிட்டிருந்தாள். “விரலை எடுத்தாப்பிறகும் சத்தம் இருக்குதெல்லோ, அது அடங்குமட்டும் பொறும். எண்ணாதையும், கேளும்” என்றேன். மிதியை அழுத்தியபடி காத்திருந்தாள். வெளியில் மழை விட்டிருந்தது. கூரைத் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. மேற்சுரம் போய், கீழ்ச்சுரம் மட்டும் கம்பிகளுக்குள் எங்கோ முனகிக்கொண்டிருந்தது. அடுத்த வரியை அவள் தொடங்கியபோது அது வேறொரு பிள்ளை வாசிப்பதுபோல் இருந்தது. இத்தொகுப்பை வாங்க நினைப்பவர்களுக்கு நான் தரக்கூடிய மிக நேர்மையான சான்று அந்த ஒரு நிமிடந்தான்.

இப்படி வாசிக்கும் ஒருவர் சிறுவயது முதல் பியானோவின் முன் அமர்த்தப்பட்டு வளர்ந்திருப்பார் என்றே பலரும் எண்ணுவார்கள். வின்ஸ்ரன் வந்த வழி அப்படியானதன்று. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் இத்தொகுப்பு இன்னொரு விதமாகக் கேட்கும். 1949 இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த அவர் பெரும்பாலும் மொன்ரானாவில் வளர்ந்தவர். கோடையும் இலையுதிர்காலமும் கடும் வெண்பனிக்காலமும் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து வரும் அந்த நிலந்தான் தன் இசையின் ஊற்று என்று அவர் சொல்லிவந்தார். வானொலியில் மணிக்கொரு தடவை செய்திக்கு முன்னர் இடைவெளியை நிரப்பப் போடப்படும் வாத்திய இசைத் துண்டுக்காகவே சிறுவனாக இருந்தபோது அவர் காத்திருப்பாராம். செய்தி தொடங்குவதற்குள் அறிவிப்பாளர் அதை வெட்டிவிடுவார். எங்கள் வீட்டு றேடியோவில் அப்படி வந்துபோன வாத்திய இசைக்காகக் காத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஏக்கம் நன்றாக விளங்கும்.

1967 இல் டோர்ஸ் என்னும் அமெரிக்க ரொக் இசைக்குழுவைக் கேட்ட பின்னரே அவர் வாத்தியம் வாசிக்கத் தொடங்கினார். அதுவும் மின் ஓர்கன். 1971 இல், ஜாஸ் பியானோ கலைஞர் ஃபற்ஸ் வாலரின் 1920களையும் 30களையும் சேர்ந்த பழைய பதிவுகளைக் கேட்டுப் பியானோவுக்கு மாறினார். வாலரின் இசை துள்ளலும் குதிப்பும் நிறைந்தது; இடது கை தாளக்காரரின் வேலையைச் செய்யும். மறு ஆண்டே கிற்றார் கலைஞர் ஜோன் ஃபஹேயின் ரகோமா நிறுவனத்துக்காக வின்ஸ்ரன் தன் முதல் பியானோத் தொகுப்பைப் பதிவுசெய்தார். அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1977 இல் பியானோவை முற்றாகவே நிறுத்திவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, புரொபெசர் லோங்ஹெயர் என்ற மேடைப்பெயர் கொண்ட நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பியானோ கலைஞரின் பதிவுகள் காதில் விழுந்ததும் திரும்பி வந்தார்.

அதன் பின்னர் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கட்டட வேலை செய்துகொண்டே கிற்றார் வாசித்துவந்த வில்லியம் அக்கர்மன் என்பவர் 1976 இல் கலிபோர்னியாவில் விண்டம் ஹில் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். தன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய அக்கர்மனுக்கு வின்ஸ்ரன் முதலில் வாசித்துக் காட்டியது கிற்றாரைத்தான். இரவு எல்லோரும் படுக்கப்போகும் நேரத்தில் பியானோவைக் கொஞ்சம் வாசிக்கலாமா என்று கேட்டு அவர் வாசிக்க, அதைக் கேட்டுத் தன் எண்ணம் மாறியதை அக்கர்மன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவ்வாறு 1980 இல் இலையுதிர்காலத் தொகுப்பும், 1982 இல் வசந்தத்தை நோக்கும் தொகுப்பும் அதே ஆண்டில் ‘டிசெம்பர்’ தொகுப்பும் வெளிவந்தன. முதற் பதிவுக்கும் இரண்டாவதற்கும் இடையில் எட்டு ஆண்டுகள். அதற்குப்பின் இரண்டே ஆண்டுகளில் மூன்று. ‘டிசெம்பர்’ தொகுப்பின் மிக அமைதியான இடங்களில்கூட அடியில் உறுதியான ஒரு தாளம் ஓடுவதை உணரலாம். அது வாலரிடமும் லோங்ஹெயரிடமும் பெற்ற இடது கை. அந்தத் தாளம் உள்ளே நிற்பதனால்தான் மேலே அவ்வளவு வெற்றிடம் விட அவருக்குத் துணிவு வருகிறது. தம்பூராச் சுருதி நின்றால்தான் பாடகர் வாயை மூடிக்கொண்டு ஒரு கணம் இருக்க முடியும் என்பதுபோல.

தன் வாசிப்பை அவர் நாட்டுப்புறப் பியானோ என்றே அழைத்தார்; மென்மையான ஆறுதல் இசைக்கு வழங்கும் ‘நியூ ஏஜ்’ என்ற பெயரை அவர் ஏற்கவில்லை. ஆயினும் அந்தப் பிரிவில்தான் 1996 இல் அவருக்குக் கிறமி விருது கிடைத்தது. மேடைக்குச் சப்பாத்தில்லாமல் காலுறையுடன்தான் வருவார். தாளம் போடும் இடது காலின் சத்தம் பலகை மேடையில் கேட்கக்கூடாது என்பதே காரணம். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசிக்கப் போகும் எங்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கச்சேரிக்கு வருபவர்கள் கொண்டுவரும் உணவுப் பொருட்களை அந்தந்த ஊரின் உணவு வங்கிக்குக் கொடுக்கும் ஏற்பாட்டையும் நீண்டகாலம் நடத்தினார். 2023 ஜூன் 4 ஆம் திகதி காலமானார்.

இனி உருப்படிகளுக்கு வருகிறேன். பாக்கின் 147 ஆவது கன்ராற்றாவிலிருந்து (பாடகர்களும் வாத்தியங்களும் சேரும் தேவாலய இசை) எடுக்கப்பட்ட புகழ்பெற்ற மெட்டையும், ஆங்கிலேயரின் ஹொலி மரம், ஐவிக் கொடி பற்றிய பழைய பாடலையும் அவர் இனிமையாகவே வாசிக்கிறார். அவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு உருப்படிகளுக்கு மட்டும் நேரம் ஒதுக்கிக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

ஒன்று, மணிகளின் கரோல் என்று உலகம் அறிந்த பாடல். இதன் மெட்டு உக்ரேனிய இசையமைப்பாளர் மிக்கோலா லெயொன்தோவிச்சினுடையது. 1916 இல் கீவ் நகரில் முதன்முதலில் பாடப்பட்டது. மூலப் பாடலில் பாலன் பிறப்புமில்லை, மணியுமில்லை; புத்தாண்டுக்காக வீடு வீடாகப் பாடப்பட்ட நாட்டார் பாட்டு ஒன்றிலிருந்து பிறந்த அது, தகைவிலான் குருவி ஒன்று வீட்டுக்குப் பறந்து வந்து வரப்போகும் செழிப்பை அறிவிப்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் மணிகளைப் பற்றிய சொற்கள் 1936 இல்தான் சேர்ந்தன. முழுப் பாடலும் நான்கு சுரங்கள் கொண்ட ஒரு சிறு துணுக்கைச் சுற்றியே கட்டப்பட்டது. ஒளிவிழாக்களில் பாடகர் குழுக்கள் அதை மூச்சுவிடாமல் பாடிக் கைதட்டல் வாங்குவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வின்ஸ்ரனின் கையில் அது வேகப் போட்டியாக இல்லாமல், தூரத்திலிருந்து நெருங்கி வந்து தலைக்கு மேலால் கடந்துபோகும் ஒன்றாகிறது. மணியைக் காட்டிலும் அந்தப் பழைய குருவியே எனக்கு நினைவுக்கு வருகிறது.

மற்றையது அமெரிக்கரான அல்பிரட் பேர்ட் 1951 இல் இசையமைத்த ‘சம் சில்ரன் சீ ஹிம்’ என்னும் பாடல். ஆண்டுதோறும் நத்தார் வாழ்த்து மடலாக ஒரு புதிய கரோலை எழுதி அனுப்புவது அவருடைய தகப்பனார் தொடங்கிய வழக்கம். மகன் அதைத் தொடர்ந்தார். இதற்குச் சொற்களை எழுதிய வில்லா ஹட்சன் அவர்களின் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். ஒவ்வொரு நாட்டுப் பிள்ளையும் பாலன் இயேசுவைத் தன்னுடைய நிறத்திலும் தன்னுடைய முகச்சாயலிலும் காண்கிறது என்பதே அதன் பொருள். பேர்ட் 1954 இல், 33 வயதில் மறைந்தார். எங்கள் ஊரில் பனையோலை வேய்ந்து, வைக்கோல் பரப்பி, அத்தனை அழகாகக் குடில் கட்டிவிட்டு, நடுவில் நீலக்கண் வெள்ளைக் குழந்தையைக் கிடத்துகிறோம். இந்த உருப்படியைச் சொற்கள் இல்லாமல் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடில் என் கண்முன் வருகிறது. கறுத்தப் பாலனை அதில் ஒருமுறையாவது வைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசையைப் பங்குக் கூட்டத்தில் சொல்லியுமிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. பக்கல்பெல்லின் கனன் மீதான மாறுபாடுகள் எனக்கு இத்தொகுப்பின் பலவீனமான இடம். எட்டுச் சுரங்கள் கொண்ட அடிவரி மாறாமல் திரும்பத் திரும்ப வருவதே அந்த ஆக்கத்தின் அமைப்பு. திருமண மண்டபங்களில் மணமகள் நடந்துவரும் இசையாக அதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. வின்ஸ்ரன் அழகான அலங்காரங்களைச் சேர்க்கிறார் என்றாலும், வேறு இடங்களில் அவர் காட்டும் அந்தக் காத்திருப்பு இங்கே இல்லை. கை தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. இரவைப் பற்றிய மூன்று பகுதி உருப்படியும் முதன்முறை கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வெறுமையாகத் தோன்றலாம்; அதைக் குறையாகச் சொல்ல நான் தயாரில்லை, ஆனால் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். ‘சைலன்ற் நைற்’ போன்ற எல்லோரும் அறிந்த கரோல்களை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அப்பாடல் இதில் இல்லை. பிள்ளைகளின் ஒளிவிழாவுக்கு இடையில் போடுவதற்கும் இது பொருந்தாது. சில ஆண்டுகளுக்கு முன் மண்டபம் ஒன்றில் நான் அதை முயன்று பார்த்தேன். கதிரை இழுக்கும் சத்தத்தில் பாதி இசை காணாமற்போனது.

எதில் கேட்பது என்பதும் முக்கியம். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டவர்கள்தான் பெரும்பாலும் இதைச் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். அதில் இடது கையின் கீழ்ச்சுரங்கள் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துவிடுகின்றன. தூண் இல்லாத பந்தல்போல மெட்டு மட்டும் மேலே நிற்கிறது. சாதாரண விலைக்கு வாங்கக்கூடிய நல்ல ஹெட்போன் ஒன்று இருந்தாலே போதும். தகரக் கூரை வீட்டில் அடைமழை நேரத்தில் போடவேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கேட்பவர்களுக்கு உருப்படிகளுக்கு இடையில் விளம்பரம் வந்து விழும். ஒலி மங்கி அடங்கும் கடைசி விநாடிகளுக்காகவே வாழும் இசையில் அதைப்போல் கொடியது வேறில்லை என்பதால், காசு கொடுத்து முழுத் தொகுப்பையும் தரவிறக்கிக்கொள்ளும்படி சொல்வேன். பிற்காலப் பதிப்பில் மேலதிகமாக இரண்டு உருப்படிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ‘அமைதி’ என்று பெயரிடப்பட்ட பத்தாவது உருப்படியுடன் நிறுத்துவதற்காகவே மூலத் தொகுப்பு ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

என் வீட்டில் இப்போது ஒரு பழைய நிமிர்நிலைப் பியானோ இருக்கிறது. மாரி தொடங்கினால் ஈரத்தில் கம்பளிகள் ஊதி, கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அடிப்பெட்டிக்குள் ஒரு சிறிய மின்குமிழை இரவு முழுவதும் எரியவிட்டுக் காப்பாற்றி வருகிறேன். திருவெம்பாவைக் காலத்தில் விடியற்புறம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் கடந்துபோன பின்னர், வேலி இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் நான் ‘டிசெம்பர்’ தொகுப்பைக் கேட்பது. வேலைகள் தொடங்குவதற்கு முன், 40 நிமிடங்களும் கைக்கு வேறெதையும் கொடுக்காமல், ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.